நூறு பேர் நிற்கும் வரிசை

ஆட்டாதே, ஆட்டாதே என்று சொல்லிச் சொல்லி எனக்குத்தான் கழுத்து வலிக்கிறது, இவள் தலையை ஆட்டிக்கொண்டேதான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கீழே பருப்புக் கடைக்கு ஷட்டர் போட்டாயிற்று, சாப்பாடு முடிந்தது, பால்கனியில் வெயில் பாதி வரைக்கும் வந்துவிட்டது. நான் முக்காலியில் உட்கார்ந்து தன்ஷிகாவை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு எண்ணெய் தடவிப் பேன்சீப்பால் வாரிக்கொண்டிருக்கிறேன். ஆறு வயதுத் தலைக்கு இத்தனை முடி ஆகாது. ஸ்கூலில் பக்கத்தில் உட்காருகிற எவளிடமிருந்தோ பேனைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள், அதைக் கேட்டால் அந்தப் பிள்ளையின் அம்மாவுக்குக் கோபம் வரும், அதனால் கேட்பதில்லை. இந்தத் தலைக்குள் என்ன இருக்கிறதென்று பார்க்கத்தான் மதுரைக்கு இரண்டு தடவை கூட்டிப் போனோம். பார்த்து எழுதிக் கொடுத்ததைப் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டேன், டிக்‌ஷனரியைத் திறந்து வைத்துக்கொண்டும் படித்துவிட்டேன், ஒன்றும் பிடிபடவில்லை. பேன் மட்டும் நன்றாகத் தெரிகிறது. நாளைக் காலையில் ஹெச்.எம். முன்னால் போய் உட்கார வேண்டும். இவள் ஒன்றாம் வகுப்பிலேயே இருப்பாளா, கீழ்த்தளத்தில் ஆபீஸை ஒட்டி இருக்கிற தனி வகுப்புக்குப் போவாளா. தனி வகுப்பு என்று அவர்கள் மரியாதையாகச் சொல்கிறார்கள். வேனில் வருகிற பிள்ளைகள் அதற்கு வைத்திருக்கிற பேர் மக்கு கிளாஸ். தனி வகுப்புக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டிய தாள் பிரிட்ஜ் மேல் இருக்கிறது, மேலே ஒரு ஊறுகாய்ப் பாட்டிலை வைத்திருக்கிறேன், பறந்துவிடக் கூடாது என்றா, பறந்தால் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது என்றா, தெரியவில்லை.

அந்தப் பிரிட்ஜ்தான். போன வருஷம் வாங்கினோம். கதவில் சின்னதாக எண் காட்டும், ஃப்ரீசருக்கு மைனஸ் பதினெட்டு என்று. கடைக்காரப் பையன் இறக்கி வைத்துவிட்டுப் போன சாயங்காலமே இவள் கேட்டாள், அம்மா, பூஜ்யத்துக்குக் கீழேயும் நம்பர் இருக்கா, அது எவ்வளவு தூரம் போகும், முடியவே முடியாதா, அப்ப பூஜ்யம் நடுவுலதான் இருக்கா என்று. பூஜ்யம் நடுவில் இருக்கிறது. ஐந்து வயதில். நான் பி.காம். முடித்தவள், எனக்கு அது ஒரு நாளும் தோன்றியதில்லை. இவள் மூன்று வயதில் கடையில் மூட்டை மேல் ஒட்டியிருக்கிற பேர்களைப் படித்தவள். துவரை, உளுந்து, பாசிப்பயறு, யாரும் சொல்லித் தரவில்லை. அதே பிள்ளை போர்டில் நான்கு வரி எழுதிப் போட்டால் ஒரு வரி எழுதிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம். மிஸ் டைரியில் எழுதி அனுப்புகிறாள், முடிக்கவில்லை, முடிக்கவில்லை, கவனமில்லை, முடிக்கவில்லை. ஒன்று அவள் பொய் சொல்ல வேண்டும், அல்லது நான் பெற்ற பிள்ளையை எனக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். டெஸ்ட் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று ஹெச்.எம். சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. நல்லதாகப் போயிற்று, காகிதத்தில் வந்துவிடும், மூஞ்சியில் அடித்த மாதிரி நீட்டலாம் என்று நினைத்தேன். இப்போது நீட்டுவதற்கு என்ன இருக்கிறது.

தொண்ணூற்றொன்பது, தொண்ணூற்றேழு, பதினாறு, எட்டு. தூக்கத்திலும் சொல்லுவேன். பேச்சும் சொல்லறிவும் தொண்ணூற்றொன்பது. சிவப்பும் வெள்ளையுமான கட்டைகளை அடுக்கி வடிவம் செய்கிற புத்தி தொண்ணூற்றேழு. கேட்டதை மனதில் வைத்துத் திருப்பிச் சொல்வது பதினாறு. பென்சிலால் வேகவேகமாகக் குறி போடுவது எட்டு. மதுரை க்ளினிக்கில் அந்த ஷெரின் மேடம், சின்னப் பெண், இருபத்தெட்டு இருக்கும், பொறுமையாகத்தான் சொன்னாள், இதெல்லாம் மார்க் இல்லை, இவள் வயதுக் குழந்தைகள் நூறு பேரை வரிசையாக நிற்க வைத்தால் எத்தனை பேரைத் தாண்டி நிற்பாள் என்கிற கணக்கு என்றாள். அன்றிலிருந்து எனக்கு அந்த வரிசைதான். ஸ்கூல் மைதானத்தில் யூனிபாரம் போட்டு நூறு பிள்ளைகள் நிற்கிறார்கள். நான் முன்வரிசையில் போய்ப் பார்க்கிறேன், என் பிள்ளை நிற்கிறாள், ரிப்பன் அவிழ்ந்து தொங்குகிறது. பின்னால் போய்ப் பார்க்கிறேன், அங்கேயும் என் பிள்ளை, அதே ரிப்பன். ஒரே பிள்ளை இரண்டு முனையிலும் எப்படி நிற்பாள். இரண்டில் ஒன்றுதான் இவளாக இருக்க முடியும் என்று எனக்குப் படுகிறது, எது என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியவில்லை. மொத்தமாக ஒரு எண் கொடுங்களேன் என்று ஷெரினைக் கேட்டேன். போடவில்லை என்றாள், இவ்வளவு ஏற்றத்தாழ்வு இருக்கும்போது மொத்தம் போட்டால் அது யாரையும் குறிக்காது என்றாள். ஹெச்.எம்.முக்கோ மொத்தம்தான் வேண்டும். எனக்கு இதெல்லாம் படிக்க நேரமில்லை மேடம், ஒரே நம்பராகச் சொல்லுங்கள் என்று போனிலேயே சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் இன்னும் மேல். ராஜபாண்டி யார், விருதுநகரில் பருப்பு வியாபாரம் பண்ணுகிறவர், அவருக்குத் தெரியாத கணக்கா. நான்கையும் கூட்டி நான்கால் வகுத்தார். "அம்பத்தஞ்சு. பாஸ்தான, இதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றார். துவரையையும் கல்லையும் ஒரே சாக்கில் போட்டு எடை போட்டால் எடை வரும், என்ன வியாபாரம் ஆகும் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கைகழுவப் போய்விட்டார். சிரிக்கிற ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது.

எட்டைக்கூட விட்டுவிடுவேன். பதினாறுதான் தொண்டையில் நிற்கிறது. ஞாபகத்தில் இவள் பின்வரிசையா. என் கல்யாண நாளை இவள் அப்பாவுக்கு இவள்தான் நினைவூட்டினாள். சாமான் வாங்கப் போகும்போது நான் சீட்டு எழுதுவதில்லை, இவளிடம் சொல்லிவிடுவேன், கடையில் போய் நின்றால் ஒன்று விடாமல் ஒப்பிப்பாள். அந்தப் பதினாறுக்குக் கீழே இங்கிலீஷில் ஒரு வரி, எண்களைத் திருப்பிச் சொல்லும்போது சம்பந்தமில்லாத சொற்களைச் செருகுகிறாள், கவனச்சிதறல் இருக்கலாம், கண்காணிக்கவும். என்ன சொற்கள், அதை எழுதித் தொலைக்க வேண்டியதுதானே. நான் அப்போது வெளியே மீன்தொட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கதவு சாத்தியிருந்தது. சம்பந்தமில்லாத சொல் என்றால் என்ன, ஐந்து மூன்று என்றால் ஐந்து யானை என்று சொன்னாளா, அவள் பாட்டுக்குப் பாடினாளா, பயத்தில் உளறினாளா, இல்லை எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இவள் தலைக்குள் இருக்கிறதா, பெரியவளாகப் பெரியவளாக அதுவும் வளருமா. ராத்திரி இவள் தூங்கும்போது ஏதாவது பேசுகிறாளா என்று காது வைத்துக் கேட்கிற அளவுக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். கண்காணிக்கவும். பெற்ற பிள்ளையைப் போலீஸ் மாதிரி.

"அம்மா, வலிக்குது," என்கிறாள். அழுத்தி இழுத்துவிட்டேன் போலிருக்கிறது. சரி சரி என்று தலையைத் தடவிவிட்டு மறுபடி உச்சியிலிருந்து வாருகிறேன். சீப்பில் ஒன்று நல்ல கறுப்பாக, கொழுத்து, என் பிள்ளை ரத்தத்தைக் குடித்துவிட்டு நகர முடியாமல் கிடக்கிறது. மடியில் விரித்த துண்டில் தட்டி நகத்தில் வைத்து நசுக்குகிறேன். இவள் திரும்பிப் பார்த்துக்கொள்கிறாள், அதில் ஒரு ஆனந்தம். "லாபம்," என்கிறாள். அடுத்தது. "ரெண்டு." அடுத்தது. "மூணு." கடையில் படி அளக்கும்போது எண்ணுகிற எண்ணிக்கை. முதல் படிக்கு ஒன்று என்று சொல்லக்கூடாது, லாபம் என்றுதான் சொல்ல வேண்டும், அப்புறம் ரெண்டு, மூணு. இவள் அப்பாவுக்கு அதில் பிடிவாதம், புதிதாக வேலைக்கு வருகிற பையன் ஒண்ணு என்று வாய் தவறிச் சொன்னால் அளந்ததைக் கொட்டிவிட்டுத் திரும்ப அளக்கச் சொல்வார். பேனுக்கு எதுக்குடி லாபம், இருந்தால் நஷ்டம் இல்லையா என்று சிரிக்க வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். சீப்பு முடிக்குள்ளேயே நிற்கிறது. ஸ்கூலில் இவள் ஒன் டூ த்ரீதான். தமிழில் எண் என்றால் இவளுக்குக் கடைதான், வேறு எங்கே கேட்டாள். மதுரையில் அந்த மேடம் எந்த பாஷையில் கேட்கட்டும் என்றதற்கு, தமிழ் என்று இவளே சொன்னாள்.

மெதுவாகக் கேட்டேன். மதுரையில் அந்த மிஸ் நம்பர் சொல்லித் திரும்பச் சொல்லச் சொன்னாங்களே பாப்பா, நீ எப்படிச் சொன்னாய் என்று. எப்படின்னா, அவுக சொன்ன மாதிரிதான் என்கிறாள். ஒண்ணு வந்தா என்றேன். "ஒண்ணு வந்தா லாபம்னு சொன்னேன். மிஸ்தான் ஒண்ணு ஒண்ணுன்னு சொன்னாக, அவுகளுக்குத் தெரியல. நான் சரியாத்தான் சொன்னேன்." சொல்லித் தர வேண்டியதுதானேடி, ஏன் சொல்லவில்லை என்றேன். பெரியவுகளத் தப்புன்னு சொல்லக்கூடாதுல்ல என்கிறாள். அதுவும் நாங்கள் சொல்லிக் கொடுத்ததுதான். ஆக, மேடத்தின் தவற்றைத் திருத்தித் திருத்திச் சொல்லிக்கொண்டு, ஆனால் திருத்துவதாகக் காட்டிக்கொள்ளாமல், மரியாதையாகப் பதினாறு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். சம்பந்தமில்லாத சொற்கள். இந்த வீட்டில் அதைவிடச் சம்பந்தமுள்ள சொல் எது, அதில்தான் சோறு தின்கிறோம்.

ஈரமும் எண்ணெயுமாக இருந்த கையைத் துடைத்துக்கொண்டு ஷெரினுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்று தெரியும், இருக்கட்டும். அவள் எடுத்தாள், பின்னால் குக்கர் விசில். சொன்னேன். முதலில் புரியவில்லை, பெங்களூரில் படித்து வளர்ந்த பெண், படி அளப்பதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டாள். இரண்டாம் தடவை சொன்னேன். அப்புறம், இருங்கள், விடைத்தாளைப் பார்க்கிறேன் என்று லேப்டாப்பைத் திறந்தாள். நான் இவள் தலைமுடியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன், இவள் துண்டில் கிடக்கிற செத்த பேன்களை விரலால் வரிசையாக்கிக்கொண்டிருக்கிறாள். ஆமாம் மேடம், அந்த வார்த்தை இருக்கிறது, நிறைய இடத்தில் இருக்கிறது, மன்னிச்சுக்குங்க என்றாள் ஷெரின். அவள் மன்னிப்புக் கேட்டதும் எனக்கு அவள் மேல் கோபம் போய்விட்டது, அதுவே ஒரு எரிச்சல், யார் மேல் கோபப்படுவது என்று ஆளில்லாமல் போயிற்று. சரி, அப்போது எவ்வளவு வரும், எண்பதா தொண்ணூறா என்றேன். அங்கேதான் திரும்பவும் முட்டிக்கொண்டது. தொடர்ந்து தப்பு வந்தால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும் என்பது விதியாம். நிறுத்திவிட்டாளாம். மேலே இருக்கிற கேள்விகளை இவளிடம் கேட்கவே இல்லையாம். "கேட்டிருந்தா எவ்வளவு தூரம் போயிருப்பான்னு இப்ப சொல்ல முடியாதுங்க. அந்தப் பதினாறு தப்புன்னு எழுதித் தரேன். சரி எதுன்னு எழுத முடியாது," என்றாள். இதே சோதனையை உடனே திருப்பி வைக்கவும் கூடாதாம், பழகிய கேள்விக்குப் பதில் வந்துவிடுமாம், ஒரு வருஷமாவது போக வேண்டுமாம். வேறு சோதனை பார்க்கலாம், பள்ளிக்கு நானே பேசுகிறேன் என்றெல்லாம் சொன்னாள். நல்ல பெண். ஹெச்.எம். கேட்பது ஒரே நம்பர். நான் கொண்டுபோவது மூன்று நம்பரும் ஒரு ஓட்டையும்.

அப்படியே அந்த எட்டையும் பாருங்கள் மேடம் என்றேன். அதிலும் ஏதாவது இப்படி இருக்கும், நீங்கள் ஸ்டாப்வாட்சைத் தப்பாக அழுத்தியிருப்பீர்கள், பென்சில் முனை உடைந்திருக்கும், பாருங்கள் என்றேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரு தப்பு கிடைத்துவிட்டதல்லவா, இன்னொன்றும் கிடைத்துவிட்டால் இவள் முன்வரிசையில் மட்டும் நிற்பாள், பின்னால் நிற்கிறவள் வேறு யாருடைய பிள்ளையோ ஆகிவிடுவாள். ஷெரின் அந்தப் பக்கத்தையும் திறந்து பார்த்தாள். அதில் தப்பு இல்லைங்க, அதில் இரண்டு பகுதி, ஒன்றை முதல் நாளும் மற்றதை இரண்டாம் நாளும் பார்த்தேன், இரண்டிலும் அதேதான், அந்த எட்டு எட்டுதான் என்றாள். புத்திக்கும் கைக்கும் இவ்வளவு தூரம் இருந்தால் அந்தக் குழந்தைக்கு ரொம்பக் களைப்பாக இருக்கும், அது சோம்பேறித்தனம் இல்லை, எழுதுகிறதைக் குறைத்துவிட்டு வாயால் கேட்டால் போதும், அதை நான் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேனே என்றாள். எழுதியிருக்கிறாள்தான். பதினாறிலேயே முட்டிக்கொண்டு நான் அங்கே போய்ச் சேரவேயில்லை. போனை வைத்துவிட்டு, உள்ளே கட்டிலில் படுத்திருந்தவரிடம் லாபம் கதையைக் கத்திச் சொன்னேன். "சரியாத்தான சொல்லியிருக்கா பிள்ள," என்று புரண்டு படுத்தார். அப்பனுக்கும் மகளுக்கும் உலகத்தில் தவறு எப்போதும் அடுத்தவர்களுடையதுதான்.

மறுபடி சீப்பு. காதுக்குப் பின்னால் ஈர் சரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, சீப்புக்கு வராது, ஒவ்வொன்றாக நகத்தால் உருவ வேண்டும். என்ன செய்தாலும் ஒன்று நிற்கும். இவள் கையைப் பார்க்கிறேன். துண்டின் ஓரத்து நூலைத் திரித்துக்கொண்டிருக்கிறது, சின்னக் கை, நடுவிரலில் பென்சில் பிடிக்கிற இடத்தில் தோல் காய்த்துப்போயிருக்கிறது. ஒன்றுமே எழுதாத பிள்ளை என்கிறார்கள், அப்புறம் எப்படிக் காய்த்தது. இதை நான் எத்தனை நாளாகப் பார்த்திருக்கிறேன், குளிப்பாட்டும்போது, சோறு ஊட்டும்போது. இறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தால்தான் இப்படி ஆகும். மற்ற பிள்ளைகள் நான்கு வரி எழுதுகிற நேரத்தில் இவள் ஒரு வரிக்காக மல்லுக்கட்டிவிட்டு, முடியாமல் ஜன்னலைப் பார்த்திருக்கிறாள். பென்சிலால் எழுதும்போது கஷ்டமா இருக்கா பாப்பா என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். அப்புறம், "எனக்குத் தெரியும்மா. கைக்குத்தான் தெரியல," என்றாள், அவ்வளவு சாதாரணமாக. அந்தக் கையைப் பிடித்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். உங்க கையெல்லாம் எண்ணெய் என்று இழுத்துக்கொண்டாள்.

அப்புறம் அவளாகவே பேசினாள், தெருவைப் பார்த்துக்கொண்டு. "அம்மா, கீழ கிளாஸ்ல போர்டுல எழுதிப் போட மாட்டாகளாம். நான் அங்கயே போய்க்கிறேன்." தனி வகுப்பைத்தான் சொல்கிறாள். பத்து நாளாக நானும் அவரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினோம், இவளுக்குத் தெரியாது என்று நினைத்தோம். அங்கே போனால் கதைப் புத்தகம் கிடையாது பாப்பா, கணக்கும் கிடையாது, வருஷம் முழுக்க ஏ பி சி டிதான் என்றேன். தெரியும் என்றாள். போன வாரம் தண்ணி பாட்டிலை நிரப்பப் போகும்போது எட்டிப் பார்த்தாளாம், பிள்ளைகள் ஆப்பிளுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்ததாம். உனக்குப் போரடிச்சுப் போயிருமேடி என்றேன். "பரவால்ல. நான் மனசுக்குள்ள ஏதாச்சும் நெனச்சுக்கிருவேன்."

சீப்பைக் கீழே வைத்துவிட்டேன். ஹெச்.எம். மேல், டைரி மிஸ் மேல், மதுரை மேல், வரிசை மேல், இத்தனை நாள் நான் பட்ட கோபமெல்லாம் கோபமே இல்லை. ஆறு வயதில் உட்கார்ந்து யோசித்திருக்கிறாள், எழுதுகிறதிலிருந்து தப்பிக்க என்ன விலை என்று, பூஜ்யத்துக்குக் கீழே போகிற எண்களையெல்லாம் வாயை மூடிக்கொண்டு மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்வது என்று முடிவும் பண்ணிவிட்டாள். நான் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று அலைந்துகொண்டிருக்கும்போது இவள் மூட்டை கட்டிவிட்டாள். வேண்டாம் என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன், உள்ளே அவர் எழுந்து உட்காருகிற கட்டில் சத்தம் கேட்டது. நீ எங்கேயும் போக வேண்டாம், இருக்கிற கிளாஸிலேயே இரு, எழுதுகிறதைக் குறைத்துவிட்டு மீதியை உன் வாயால் கேட்கச் சொல்லப்போகிறேன், நாளைக்கு அதைத்தான் ஹெச்.எம்.மிடம் கேட்கப்போகிறேன் என்றேன். இவள் முழுதாகத் திரும்பிவிட்டாள், பாதி வாரிய முடி மூஞ்சியில் விழுந்தது. முடியாதுன்னு சொல்லிட்டாகன்னா என்றாள். எனக்கே தெரியாத விஷயத்தில் பொய் சொல்ல மனசு வரவில்லை. தெரியலை, திரும்பவும் கேட்பேன் என்றேன். அவள் மூஞ்சியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"நீங்க பேசும்போது என்னைய வெளிய பெஞ்சுல ஒக்கார வச்சிருவீகளா?"

"இல்ல. உள்ள வா."

"அப்ப நானே கேக்கட்டுமா?" என்றாள். "நான் வாயால சொன்னா சீக்கிரம் முடிஞ்சிரும்."